செத்தவீட்டுப் பட்டியல்

எங்கள் சட்டத்தரணிகள் சங்கத்தில் உறுப்பினர்களின் தொலைபேசி எண்களைத் திரட்டி வைத்ததே செத்தவீட்டுச் செய்தி சொல்லத்தான். செயலாளராக இருந்த நான் அந்தப் பட்டியலை, தொடர்கல்வி வகுப்பு நடத்தும் ஒரு கொழும்பு நிறுவனத்துக்கு யாரையும் கேட்காமல் அனுப்பிவிட்டேன். பிறகென்ன, வகுப்பில் சேரச் சொல்லி எல்லோருக்கும் ஓயாத அழைப்புகள். நீதிமன்ற வாசலில் சகாக்கள் என்னைக் கண்டாலே ஏசினார்கள். “படிச்சால் குறைஞ்சோ போயிடுவியள்?” என்று நானும் திருப்பி ஏசி ஏசி அலுத்துப்போனேன்.

ஒருநாள், போன வருடம் காலமான மூத்த சட்டத்தரணியின் மனைவி அரியாலையிலிருந்து பேசினார்.

“தம்பி, இவரின்ரை போனுக்கு எடுத்து எடுத்து, வகுப்புக்கு வாறாரோ எண்டு கேக்கிறாங்கள். அவர் இல்லை எண்டு எத்தினை தரம் என்ரை வாயாலை சொல்லுறது?”

அவர் இறந்த செய்தியை எல்லோருக்கும் அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொன்னவன் நான்தான். அவர் பெயரை வெட்ட மட்டும் தோன்றவில்லை.