கூனி விழுந்த சைவப் பொதி

1. கேட்டில் பிடிபட்ட மீன்கறி

வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை, செக்யூரிட்டி என்னைக் கேட்டுக்குக் கூப்பிட்டார். மேசை மேல் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குவாளி. உள்ளே சாளை மீன் குழம்பு. பக்கத்தில் அதை வைத்த பெண், இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை.

"நீங்கதான் ஃபுட் கோர்ட் மேடமா? கேளுங்க இந்த நியாயத்த" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். "டிக்கெட்டுக்கும் பைசா குடுத்தாச்சு. உள்ள ஒரு ஃப்ரைட் ரைசுக்கும் அம்புட்டு பைசா குடுக்கணுமா? எம் பிள்ளையளுக்கு நான் வச்ச கறிய நான் குடுக்கப்பிடாதா?"

வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று போர்டு இருந்தது. அதைக் காட்டினேன். வேறு என்ன செய்ய? அவள் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் உறைக்கிறது.

திற்பரப்பு அருவிக்குப் போகும் வழியில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது அந்தத் தீம் பார்க் ரிசார்ட். அலைக்குளம், சறுக்குகள், தங்குவதற்கு அறைகள், சாப்பிட ஒரு ஃபுட் கோர்ட். நான் மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரி கிச்சனில் பதினான்கு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, அங்கே ஃபுட் கோர்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். என் பெயர் புஷ்பலீலா. அடுக்களையில் எல்லோருக்கும் லீலாக்கா.

அன்று மத்தியானம் ஃபுட் கோர்ட்டில் பாதி நாற்காலி காலி. கூட்டம் எங்கே என்று தேடிக்கொண்டு போனால், கார் பார்க்கிங்கில் இருந்தது. வேன் கதவைத் திறந்து வைத்து, ஈரத் துணியோடு நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் சண்டை போட்ட பெண்ணும் அங்கேதான் இருந்தாள். ஆக, எங்கள் ரிசார்ட்டின் பெரிய ஃபுட் கோர்ட் கார் பார்க்கிங்தான். அதில் எங்களுக்கு ஒரு பைசா வருமானம் கிடையாது. வந்தவர்களுக்கு உட்கார ஒரு நிழலும் கிடையாது.

2. பொதி

எங்கள் ஜி.எம். திருப்பூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷன். ஆனால் சாப்பாடு என்றால் ஏ.சி. ஹாலும் மெனு கார்டும் என்று நினைப்பவர். நான் அவரிடம் போய், பொதிச்சோறு போடலாம் என்றேன்.

"பொதின்னா என்னங்க மேடம்?"

"வாட்டுன வாழையிலையில சோறும் கூட்டானும் வச்சுப் பொதிஞ்சு கட்டுறது சார். இந்தப் பக்கத்துல பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போற ஆளுங்க கொண்டு போறதாக்கும்."

"இத்தனை தூரம் வந்து, வீட்ல திங்கறதையே திம்பாங்களா?"

"வீட்ல திங்கறதைத்தான் சார் அவங்க வேன்ல நின்னு தின்னுட்டிருக்காங்க."

அவர் யோசித்தார். ஒரு மூலைக் கவுண்டரைத் தந்தார். கூடவே ஒரு நிபந்தனையும் தந்தார். சிக்கன் கம்பெனி ஒன்று அந்த இடத்தை வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. விருந்தாளிகளிடமிருந்து பெரிய புகார் ஒன்று வந்தாலும் கவுண்டர் அவர்களுக்குப் போய்விடும். சமையலுக்கு நான் எடுத்த நாலு பெண்களும் அன்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த நாலு பேரில் தெரஸ்தான் தலைவி. தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரி. கைப்பக்குவம் என்றால் அவளிடம்தான் பார்க்க வேண்டும். அவள் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். தெரஸுக்கு மாதச் சம்பளம் என்று வந்த முதல் வேலை இதுதான்.

குறைந்த விலையில் நல்ல சாப்பாடு போட முடியுமா என்று இப்போது கேட்டரிங் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். துறைமுகத்தில் அன்றைக்கு எது மலிவோ அதுதான் அன்றைய மீன். நெய்மீன் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் விலை ஏறத்தான் செய்யும். சாளையும் நெத்திலியும் யாருக்குக் கசக்கும்? சம்பா அரிசிச் சோறு கொஞ்சம் தின்றாலே வயிறு நிறையும். மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, குலசேகரத்துச் சந்தையில் கிடைக்கும். இலை எங்கள் பின்பக்கத்து வாழையிலேயே இருந்தது. தட்டு கழுவ ஆள் வேண்டாம், ஏ.சி. வேண்டாம். ஈரத் துணியோடு மரத்தடியில் உட்கார்ந்து தின்றுவிட்டு மறுபடியும் தண்ணீருக்குப் போகலாம். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நான் சொல்லுவது ஒன்றுதான். சறுக்குக்குப் போவதற்கு முன்னால் சாப்பிட்டால் எல்லாம் வெளியே வரும். குளித்துவிட்டு வந்து சாப்பிடுங்கள். கோலாவுக்குப் பதிலாக மோர் வாங்குங்கள்.

மூன்று வாரத்தில் பார்க்கிங் காலியானது. என் கால் தரையில் நிற்கவில்லை. அதுதான் வினை.

3. "அது பொடியாக்கும்"

டிசம்பர் அரையாண்டு விடுமுறை. தக்கலைப் பக்கத்திலிருந்து நாலைந்து குடும்பம் சேர்ந்து இரண்டு நாள் தங்க வந்தார்கள், மொத்தம் இருபத்தாறு பேர். ஆண்கள் எல்லாம் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள். மாலை போட்டவர்கள் தீம் பார்க்குக்கு வரலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். பிள்ளைகளுக்கு லீவு அப்போதுதானே விடுகிறார்கள்.

கேட்டில் அவர்கள் கொண்டுவந்த பாத்திரங்களைப் பிடித்து வைத்தார்கள். அவர்களுடைய குருசாமி ஒரு பஸ் டிரைவர், ஐம்பது வயது இருக்கும். அவர் சத்தம் போடவில்லை.

"வெளிய கண்ட எடத்துல நாங்க சாப்பிட மாட்டோம்மா. விரதமாக்கும். சோத்தத் தந்துருங்க, நாங்க வெளிய போய்ச் சாப்பிட்டுட்டு வாறோம்."

மறுபடியும் பார்க்கிங்கா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சாமி, தனி அடுப்பு, புதுப் பாத்திரத்துல சுத்த சைவமாப் பொதி செஞ்சு தாறேன். நான் பொறுப்பு" என்றேன்.

"நீங்க பொறுப்புன்னா செரி" என்றார்.

ஸ்டோரிலிருந்து புதுப் பாத்திரம் எடுத்தேன். தனி அடுப்பு மூட்டினேன். தெரஸைக் குளித்துவிட்டு வரச் சொன்னேன். மஸ்கட்டில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு: சூப்பர்வைசர் ருசி பார்க்காமல் ஒரு டிரே கூட கிச்சனைத் தாண்டக் கூடாது. அன்றைக்குப் பார்த்து அதை விட்டேன். அடுப்பையும் பாத்திரத்தையும் கவனித்ததிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்ற தலைக்கனம்.

"தெரஸ், மீன் ஒண்ணும் படல்லியே?" என்று மட்டும் கேட்டேன்.

"சத்தியமா இல்லக்கா."

பொதிகள் கிரேட்டில் போயின. ஒன்று மிச்சம் இருந்தது. பசியில் அதைப் பிரித்துத் துவையலை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கருவாட்டு ருசி.

"ஏட்டி, இதுல என்னெல்லாம் போட்ட?"

"எப்பவும் போடுறதுதான். தேங்கா, வத்தல், புளி, இஞ்சி, கூனிப்பொடி."

"கூனியா!"

"அது பொடியாக்கும் அக்கா" என்றாள் தெரஸ், நிஜமாகவே புரியாமல். "மீன் எங்க போட்டேன்?"

கூனி என்றால் காய்ந்த குட்டி இறால். அவள் ஊரில் அதை வறுத்துப் பொடித்து, உப்பு மிளகாய்க்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் வைத்திருப்பார்கள். மீன் என்றால் அவளுக்குச் சட்டியில் துண்டாகக் கிடக்க வேண்டும். கூனி அவள் கணக்கில் மசாலா. வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவை அவள் கை தானாகவே எடுத்திருக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை.

ஓடினேன். பலாமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பொதிகள் பிரித்தாயிற்று. ஒரு பையன் கையை வைக்கப் போக, அவன் அம்மா அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டி, "சரணம் சொல்லிட்டு" என்றாள். குருசாமி கண்ணை மூடிக்கொண்டு சரணம் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே ஜி.எம். கையில் மொபைலோடு நின்று விளம்பரத்துக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் காதில் விஷயத்தைச் சொன்னேன். மொபைலைத் தாழ்த்தினார்.

"ஒரு சிட்டிகை பொடிதானுங்க மேடம்? யாருக்குத் தெரியப் போவுது? நீங்க சும்மா இருங்க. கவுண்டர நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். மறைக்க மாட்டேன். தெரஸின் மகளுக்குக் கட்ட வேண்டிய ஃபீஸ் வரை அந்த நேரத்தில் என் மண்டைக்குள் வந்தது. அவர் சொன்னதும் பொய் இல்லை, சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. அதற்குள் சரணம் முடிந்து குருசாமி இலையில் கை வைக்கப் போனார்.

"சாமி, சாப்பிடாதீங்க!"

என் சத்தத்துக்கு அலைக்குளத்துப் பக்கம் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"துவையல்ல கூனி விழுந்துட்டு சாமி. வேணும்னு செய்யல்ல. நான் ருசி பாக்காம அனுப்பிட்டேன். தப்பு என்னுடையதாக்கும்."

குருசாமியின் மனைவி இலையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "இதுக்குத்தான் நான் அப்பவே வேண்டாம்னு சொன்னேன்." அவள் கண் கலங்கியிருந்தது. பிள்ளைகள் பசியோடு மூடிய இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

செக்யூரிட்டிக்குப் போன் போட்டு, "சாமிமார் பாத்திரம் எல்லாத்தையும் உள்ள கொண்டு வாங்க" என்றேன். ஜி.எம். என்னை முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டேன். அவர்கள் கொண்டுவந்த புளிச்சோற்றையும் அவியலையும் அதே மரத்தடியில் அவர்களே ஒருவருக்கொருவர் விளம்பிச் சாப்பிட்டார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

4. மறுநாள்

சாயங்காலம் ஜி.எம். கூப்பிட்டார். "நாளையோட கவுண்டர மூடிடுங்க மேடம்." அவ்வளவுதான் பேச்சு.

ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து தெரஸ் அழுதுகொண்டிருந்தாள். "நாலு பேருக்க வேலையையும் நான் ஒருத்தி போக்கிட்டேனே அக்கா."

"நீ போக்கல்லட்டி. நான் உங்கிட்ட கேட்ட கேள்வி தப்பு." அது அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னது இல்லை. அப்போதுதான் எனக்கே அது விளங்கியது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குருசாமி கவுண்டருக்கு வந்தார். நான் கடைசியாகக் கணக்கு ஒப்படைக்கப் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஜி.எம். பக்கத்தில் நின்றார்.

"மத்தியானத்துக்கு இருபத்தாறு பொதி வேணும்" என்றார் குருசாமி.

நான் தடுமாறினேன். "சாமி, உங்க சாப்பாட்ட உள்ள விடச் சொல்லியிருக்கே."

"அது நேத்து ராத்திரியோட தீந்துட்டு. தீராம இருந்தாலும் கேட்டிருப்பேன்." அவர் ஜி.எம்.மைப் பார்த்தும் பேசினார். "நேத்து இந்தம்மா வாயத் தொறக்காம இருந்தா, நாங்க நல்லா இருக்குன்னு சொல்லித் தின்னுட்டுப் போயிருப்போம். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அம்புட்டு பேர் மத்தியில ஓடி வந்து சொன்னாங்கல்லா? இனி இந்த அடுக்களைய நான் நம்புவேன்."

உள்ளே நின்ற தெரஸ் பின்னால் நகர்ந்தாள். "அக்கா, நான் வெளிய நிக்கேன். மத்தவளுவ செய்யட்டும்."

"நேத்துத் துவையல் அரைச்சது நீங்களா?" என்று கேட்டார் குருசாமி.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்போ நீங்கதான் செய்யணும். நான் பஸ் ஓட்டுற ஆளாக்கும். ஒரு தடவ இடிச்சவன் பொறவு எந்த வளைவுலயும் ஹாரன் அடிக்காம திரும்ப மாட்டான்."

தெரஸ் அழுகையும் சிரிப்புமாக உள்ளே போனாள். கூனி டப்பாவை எடுத்து, துணியில் சுற்றி, செக்யூரிட்டி அறையில் கொண்டு ஒப்படைத்துவிட்டு வந்தாள். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்ற சட்டம் அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது. இந்தத் தடவை ஒவ்வொரு பாத்திரத்திலும் நான் ருசி பார்த்தேன், இரண்டு தரம்.

பலாமரத்தடியில் பொதிகளை வைத்துவிட்டு, தெரஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். "சோறு சம்பா அரிசி. துவையல்ல தேங்கா, வத்தல், புளி, இஞ்சி, உப்பு. துவரன்ல பயறு, தேங்கா, மஞ்சள், கடுகு, தேங்காயெண்ண. மோர்ல கருவேப்பில, இஞ்சி, உப்பு. தண்ணி கொதிக்க வச்சது. வேற ஒண்ணும் இல்ல."

இருபத்தாறு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் இலையைத் தள்ளிய பெண்தான் முதலில் பொதியைப் பிரித்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு, "கொள்ளாம், நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் துவையல் உண்டா?" என்று கேட்டாள். ஜி.எம். வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்து தனக்கும் ஒரு பொதி கேட்டார். சிக்கன் கம்பெனியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

நான் ஓய்வு பெறும் வரை அந்தக் கவுண்டர் நடந்தது, இப்போதும் நடக்கிறது. பொறுப்பு தெரஸிடம். அந்த நாளுக்குப் பிறகு சமைக்கிற யாரிடமும் "இது போட்டியா, அது போட்டியா" என்று நான் கேட்டதில்லை. "என்னெல்லாம் போட்ட" என்றுதான் கேட்டேன். நமக்கு மீனாக இருப்பது இன்னொருவர் கைக்கு மசாலாவாக இருக்கும். அவர்கள் வாயால் ஒவ்வொன்றாக வந்தால்தான் நமக்குத் தெரியும்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, மலிவாகச் சமைக்க உங்களுக்கு யார் வேண்டுமானாலும் கற்றுத் தந்துவிடுவார்கள். ஆனால் விலை குறைந்த சோறு வாங்குகிறவனுக்கும் நம்பிக்கை முழுசாகத்தான் தர வேண்டும். தப்பு நடக்கும். நடந்தால், அவன் வாயில் வைப்பதற்கு முன்னால் ஓடிப்போய்ச் சொல்லுங்கள்.