தங்கச்சி போட்ட வோட்டு

அன்றைக்குக் காலையில் பருப்புக் கறிக்கு நான் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "பாலாவி உப்பளத்த அப்படியே அள்ளிக் கொட்டிட்டியா?" என்று கேட்டார். மற்ற நாளென்றால் நானும் சுடச்சுட ஏதாவது சொல்லியிருப்பேன். அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. "தின்னாட்டி வெச்சிட்டுப் போங்க" என்றேன்.

காரணம், அமெரிக்காவிலிருந்து தங்கச்சி எடுத்த டெலிபோன் கோல். அங்கே அது தேர்தலுக்கு முதல் நாள் மாலை. இங்கே பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் போகிற நேரம். அவள் அழுகிற சத்தத்துக்கும் அந்தப் பாட்டுக்கும் நடுவில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓடிப்போய் யன்னலைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

அவளுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது அந்த வருடம்தான். கிடைத்ததும் எனக்குச் சொன்ன முதல் கதை, "ராத்தா, இனி எனக்கும் வோட்டு இரிக்கி" என்பதுதான். அந்தச் சந்தோசம் எனக்கு விளங்கும். தொண்ணூறில், யுத்தத்துக்கு நடுவில், முஸ்லிம்களான எங்களை வடக்கிலிருந்து விரட்டியபோது அவள் உம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளை. புத்தளத்துக்கு வந்த பிறகும் எங்கள் வீட்டாரின் வாக்கு நெடுங்காலம் சொந்த ஊரான மன்னாரிலேயே கிடந்தது. தேர்தல் வந்தால் பஸ் பிடித்துப் போக வேண்டும். அங்கே போனால் "நீங்க புத்தளத்து ஆக்கள்தானே" என்பார்கள். இங்கே வந்தால் "நீங்க மன்னார் ஆக்கள்தானே" என்பார்கள். இந்த இழுபறியில் தங்கச்சியின் பெயர் எங்கேயும் பதியப்படவே இல்லை. அப்படியே கலியாணம் முடித்து அமெரிக்கா போய்விட்டாள். ஆகவே இதுதான் அவளுடைய சீவியத்தில் முதல் வாக்கு.

அவள் இருப்பது தெற்குப் பக்க மாநிலம் ஒன்றில். விண்ணப்பித்தால் வாக்குச்சீட்டைத் தபாலில் வீட்டுக்கே அனுப்புவார்களாம். நிரப்பி, கவரில் வைத்து, கையெழுத்துப் போட்டு, அதற்கென்று வைத்திருக்கிற பெட்டியில் போட வேண்டும். அவளுடைய கீழ்வீட்டில் ஒரு கறுப்பின மூதாட்டி தனியாக இருக்கிறார். நடக்க ஏலாது, சக்கர நாற்காலிதான். பெருநாளைக்கு இவளுடைய வட்டிலப்பம் கீழே போகும், அவருடைய கேக் மேலே வரும். பெட்டியடிக்குப் புறப்பட்டபோது தங்கச்சி அவருடைய கவரையும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

எங்கள் ஊர் ஆள் யாரென்றாலும் அதைத்தான் செய்திருப்பார். வோட்டு நாளில் அயல்வீட்டு வயசாளிகளை விட்டுவிட்டுத் தான் மட்டும் போய்ப் போட்டு வந்தவளுக்கு இங்கே மூன்று மாதத்துக்குக் கதை கேட்க வேண்டி வரும்.

பெட்டியடியில் கட்சித் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் காவல் மாதிரி நின்றானாம். இங்கே பச்சை, நீலம் என்று மண்டையை உடைத்துக்கொண்டது மாதிரி, அங்கே சிவப்பும் நீலமும். அவன் இவளுடைய முக்காட்டைப் பார்த்தான். கையில் இருந்த இரண்டு கவரையும் பார்த்தான். போனைத் தூக்கிப் படம் எடுத்தான். "மற்றது ஆருட?" என்று கேட்டிருக்கிறான். இந்த மக்கு உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். வீட்டாள் அல்லாதவரின் கவரைப் போடுவது அந்த மாநிலத்தில் குற்றமாம். பொலிசுக்குப் படத்தை அனுப்புவேன் என்று அவன் சொல்ல, இவள் ஓடி வந்து காரில் ஏறி, தன்னுடைய கவரைச் சுக்குநூறாகக் கிழித்து, பெற்றோல் செட் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள். மூதாட்டியின் கவரை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

"பைத்தியமாடி உனக்கு? உன்டத ஏன் கிழிச்சாய்?"

"என்ட கையில கவரே இரிக்கக் கூடாதுன்டு தோணிச்சி ராத்தா. பிரஜாவுரிமைய எடுத்துட்டா நான் புள்ளைகளோட எங்க போற?"

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அங்கே இரவு, தூங்குவாள் என்று தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப கோல் எடுத்தேன். முற்றத்தைக் கூட்டினேன். கூட்டிய முற்றத்தையே மறுபடியும் கூட்டினேன். ஒரு வேலையும் இல்லாமல் பாலாவிச் சந்திவரை போய், லொறிப் புழுதியைக் குடித்துவிட்டு வந்தேன். "அமெரிக்காவில ஆர் வந்தா நமக்கென்ன? உப்பு வெல கூடுமா?" என்றார் வீட்டுக்காரர். அவரோடு பகல் முழுக்க நான் பேசவில்லை.

இரவு இஷாத் தொழுகை முடித்த கையோடு தங்கச்சியே எடுத்தாள். வீடியோவில் ஒரு பள்ளிக்கூட மதிலும் அதைச் சுற்றி வளைந்து போகிற வரிசையும் தெரிந்தன. அநேகமாக எல்லாரும் கறுப்பு ஆட்கள். மடக்குக் கதிரை கொண்டுவந்து உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள். நடுவில் சக்கர நாற்காலியில் அந்த மூதாட்டி. கவரைத் திருப்பிக் கொடுத்தபோது இவளுக்கு நல்ல ஏச்சு விழுந்திருக்கிறது.

"அவட உம்மா அந்தக் காலத்தில வோட்டுக்குப் பதியப் போனா, கறுப்பு ஆளுன்டு சட்டப் புத்தகத்தக் குடுத்து வாசிச்சு வெளக்கஞ் சொல்லச் சொல்லுவாங்களாம் ராத்தா. என்ன சொன்னாலும் பிழையாம். அப்படியும் விடாமப் போனாவாம். நீ ஒரு தொப்பிக்காரனுக்குப் பயந்து கிழிச்சியான்டு கேட்டா. காலயில தானே வெளிக்கிட்டு, என்னத் தள்ளிட்டுப் போன்டுட்டா."

"ஏன் அவ்வளவு வரிசை?"

"இந்தப் பக்கத்தில வோட்டுப் போடுற எடங்களக் கொறச்சிட்டாங்களாம். வெள்ள ஆக்கள் இரிக்கிற பக்கம் போட்டுட்டு வேலைக்கும் போயிட்டாங்க."

மூதாட்டி போனுக்குள் எட்டிப் பார்த்து என்னிடம் ஏதோ கேட்டார். எப்போதும் உன் தங்கச்சி இப்படிப் பயந்தாங்கொள்ளியா என்று கேட்கிறாராம். எனக்குச் சுருக்கென்றது. "இல்லன்டு சொல்லு. ஓட ஓட வெரட்டினா ஆருக்கும் பயம் வரும்டு சொல்லு" என்றேன். தங்கச்சி சொன்னதும் அவர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார்.

அன்றிரவு அரைகுறைத் தூக்கம். விடியச் சுபஹ் தொழுதுவிட்டுப் பாயை மடிக்கும்போது போன் அடித்தது.

"ஆன்ட்டி போட்டுட்டா ராத்தா. தபால் கவரத் திருப்பிக் குடுத்துட்டு, மெசின்ல போட்டு, ஸ்டிக்கரும் ஒட்டிட்டா."

"அல்ஹம்துலில்லாஹ். நீ?"

அவளுக்கு ஏற்கெனவே தபாலில் சீட்டு அனுப்பியிருப்பதாகக் கம்பியூட்டர் சொல்லியிருக்கிறது. அதைக் கொண்டுவா என்றார்கள். கிழித்துவிட்டேன் என்றாள். அப்படியானால் இதில் நிரப்பு என்று வேறொரு சீட்டைக் கொடுத்து, தனிக் கவரில் வாங்கி வைத்தார்களாம். சேர்ப்பதா இல்லையா என்று பிறகு பார்ப்பார்களாம்.

"பிறகு பார்ப்போம்." காணிக்கும் வீட்டுக்கும் பதிவுக்கும் கந்தோர்களில் எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே வாப்பாவை மண்ணுக்குள் அனுப்பிய கதை அது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள்மேல் காட்டக் கூடாது என்று தெரிந்தும் கத்திவிட்டேன்.

"அப்ப நீ வோட்டுப் போட்டியா, இல்லையாடி?"

"தெரியா ராத்தா. வரிசையில நின்டன். நெரப்பினன். என்ட கையால குடுத்தன். போட்டனா இல்லையான்டு அவங்கதான் சொல்லணும்."