எதிராளியை வலம் வந்தவன்

அப்போது எனக்குக் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் ஒரு இளநீர்க் கடையில் வேலை. இரவில் அங்கேயே சாக்கை விரித்துப் படுப்பேன். மழை வந்தால் உட்கார்ந்தபடி தூங்குவேன். எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவன். சுற்றிய ஊர்களில் கராத்தேயில் கொஞ்சம், குத்துச்சண்டையில் கொஞ்சம், மல்யுத்தத்தில் கொஞ்சம் பொறுக்கி வைத்திருந்தேன். பெல்ட் வாங்கும் அளவுக்கு எங்கேயும் தங்கியதில்லை.

வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். உதைக்கலாம், குத்தலாம், தூக்கியும் போடலாம். ஜெயிப்பவனுக்குக் கோப்பையோடு ஒரு தனியார் பள்ளியில் சண்டை மாஸ்டர் வேலை, தங்கிக்கொள்ளப் பூட்டுள்ள அறை. கோப்பை யாருக்கு வேண்டும்? எனக்கு அந்தப் பூட்டு வேண்டியிருந்தது.

என் சண்டை பார்க்கச் சகிக்காது. கை உடைந்தால் மறுநாள் இளநீர் வெட்ட முடியாது என்பதால், ஒரு தட்டு தட்டிவிட்டு எட்ட ஓடிவிடுவேன். நேரம் முடிந்ததும் மேஜையில் இருக்கும் மூன்று நடுவர்கள் புள்ளியைக் கூட்டி என் கையைத் தூக்குவார்கள். இப்படியே யாரையும் விழவைக்காமல் இறுதிச் சண்டை வரைக்கும் வந்துவிட்டேன்.

எதிரே நின்றவன் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவன். முதல் சுற்றில் நான் தட்டினேன், ஓடினேன், அவனைச் சுற்றினேன். கூட்டத்தில் ஒருவர் எழுந்தே விட்டார்.

"யோவ், சண்டை போட வந்தியா, கிரிவலம் வந்தியா?"

"அரோகரா!" என்றது மண்டபம்.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்னது நிஜம். பௌர்ணமி தோறும் இளநீர்க் கூடையைச் சுமந்து மலையைச் சுற்றிய கால்கள். நடுவில் எது நின்றாலும் அதை வலப்பக்கம் வைத்தே சுற்றும். எதிராளியைப் பார்த்தபடி அப்படிச் சுற்றினால் இடது பக்கமாகவே நகர வேண்டும். அவனுடைய வலது கால் இருப்பதும் அங்கேதான்.

இரண்டாவது சுற்றில் அவனுக்கு இது புரிந்துவிட்டது. துரத்துவதை நிறுத்திவிட்டு நின்ற இடத்திலேயே நின்றான். நானே சுற்றிப்போய் அவன் உதைக்குள் நுழைந்தேன். தொடையில் ஒன்று. விலாவில் ஒன்று. மறுபடி தொடையில்.

இடைவேளையில், எனக்குத் துணையாக வந்திருந்த ஆட்டோக்கார நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். "டேய், உதை எங்க கீதோ அங்கயே போறியேடா! அந்தாண்ட திரும்புடா!"

"வலமாத்தான்டா சுத்தணும். எடமா சுத்தக் கூடாது."

"அவன் என்னா அண்ணாமலையாரா? மல்லாட்டை மூட்டை தூக்கறவன்டா!"

புள்ளிகள் சமம் என்று மேஜையிலிருந்து சொன்னார்கள். மூன்றாவது சுற்றுக்கு மணி அடித்தது. மண்டபத்தின் ஜன்னலில் மலை தெரிந்தது. இரண்டு கையுறைகளையும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டேன். கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். பிறகு இடது பக்கம் போவதுபோலத் தோளைக் காட்டிவிட்டு, வலது பக்கம் ஒரே தாவு.

அவன் உதை என்மேல் படாமல் காற்றைச் சுற்றி வந்தது. அந்த வேகத்தில் அவனும் ஒரு சுற்றுச் சுற்றி எனக்கு முதுகைக் காட்டினான். முதுகில் தட்டினால் கணக்கில் வராது. அவன் திரும்பும்வரை காத்திருந்து, நெஞ்சில் ஒரு தட்டு தட்டிவிட்டு ஓடினேன். மிச்ச நேரம் முழுக்க ஓட்டம்தான். கூட்டத்துக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது.

நடுவர்களில் இரண்டு பேர் எனக்கு, ஒருவர் அவனுக்கு. பள்ளித் தாளாளர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "நீ யாரையும் ஒழுங்கா அடிக்கவே இல்லியேப்பா."

"நானும் பெருசா அடி வாங்கலிங்க சார்."

"அது சரி. அடிபட்டு வர்ற பசங்களோட அப்பா அம்மாவுக்குப் பதில் சொல்றது நான்தானே." சாவி என் கைக்கு வந்தது.

வாசலில் மூட்டைக்காரன் வழிமறித்தான். எந்தப் பக்கம் ஓடலாம் என்று என் கால்கள் பார்த்துக்கொண்டன. அவன் என் தோளில் கை போட்டான்.

"இத்தினி வாட்டி என்னைச் சுத்துனியே, அண்ணே, ஒரு சூடம் ஏத்தியிருக்கக் கூடாதா?"

அன்று மாலையே அறைக்குப் போனேன். பூட்டினேன், திறந்தேன், பூட்டினேன். மழை வந்தபோது நீட்டிப் படுத்துக்கொண்டு ஓட்டில் விழும் சத்தத்தைக் கேட்டேன்.