ரவுடிக்கு மருந்து

எங்கள் அண்ணிக்குக் குடியிருப்பில் பூனைக்காரம்மா என்று பெயர். கிண்டலாக வைத்ததுதான், அண்ணி அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். தரைத்தளத்து அறையில் தையல் மெஷின் போட்டு, பேண்டுகளைப் பிடித்தும் தளர்த்தியும் கொடுப்பது தொழில். தெருப் பூனைகளுக்கு இரண்டு வேளையும் சாப்பாடு வைத்துவிட்டுத்தான் அந்தத் தொழிலே ஆரம்பமாகும்.

அதில் ரவுடி என்ற செம்பட்டைக் கடுவன்மேல் அவருக்கு உயிர். வருஷக்கணக்காகச் சாப்பிட்டும் அந்த மகராசன் ஒருநாள்கூடத் தொடவிட்டதில்லை. அவன் ஒரு சண்டையில் கழுத்தில் கடிபட்டு வந்தான். சீழ் கட்டிவிட்டது. பிடிக்கப் போன என் கை கந்தலானதுதான் மிச்சம். கால்நடை மருத்துவர் தூள் மருந்து கொடுத்தார். சாப்பாட்டோடு உள்ளே போனால் பிழைத்துக்கொள்வான், இல்லாவிட்டால் கஷ்டம் என்றார். ரவுடி தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

இரண்டு நாள் தட்டைத் தொடாமலும் அவன் வயிறு ஒட்டவில்லை. வேறு யாரோ அதை நிரப்புகிறார்கள் என்று அண்ணிக்குப் புரிந்தது. வீடு வீடாகக் கேட்டார். பூனைக்குச் சோறு போடக்கூடாதென்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவாகியிருந்ததால், எல்லோரும் இல்லவே இல்லை என்றார்கள். அந்த முடிவைக் கொண்டுவந்த மூன்றாம் மாடிச் செயலாளர் கொஞ்சம் அதிகமாகவே சொன்னார்.

ஊசி வைப்பதற்கு முன் எந்தத் துணியையும் வெளிச்சத்தில் விரித்து பிரஷ் போடுவது அண்ணியின் வழக்கம். மறுநாள் இடுப்பு தளர்த்த வந்திருந்த செயலாளரின் கறுப்புப் பேண்டை விரித்தார். அதில் செம்பட்டை முடி. காலில் உரசிப் போனதல்ல, மடியில் அப்பிக் கிடந்தது.

"மடியில உக்காந்திருக்கான் தம்பி," என்றார்.

நானாக இருந்தால் அந்தப் பேண்டைச் சங்க வாசலிலேயே தொங்கவிட்டிருப்பேன். சொல்லியும் பார்த்தேன். அண்ணி முறைத்தார். முடியை ஒன்று விடாமல் எடுத்து, தைத்து, மடித்து, மேலே மருந்துப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு மாடி ஏறினார்.

"சார், இது ரவுடிக்கு. நான் வெச்சா தொடமாட்டேங்கிறான். நீங்க கலந்து வெச்சா சாப்பிடுவான். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

மறுக்கத்தான் வாயைத் திறந்தார் செயலாளர். "பிழைச்சிடுவானாம்மா?" என்றுதான் வந்தது.

பசித்தால்தான் மேலே போவான் என்று, வாசலுக்கு வந்த ரவுடியை அண்ணியே விரட்டினார். விரட்டிவிட்டு மெஷினைத் தேவையில்லாத வேகத்தில் ஓட்டினார். அன்று மேலேயும் அவன் வாய் வைக்கவில்லை என்று செயலாளர் ரகசியமாக வந்து சொல்லிவிட்டுப் போனார். அண்ணியும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் நேரம். மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து செயலாளரின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது.

"அம்மா, ரவுடி சாப்பிட்டுட்டான்மா! தட்டையே நக்கிட்டான்!"

வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அண்ணி மட்டும் வெளியே வரவில்லை. யாருடைய பேண்டிலோ முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.