பூஜை போடாத ஜெனரேட்டர்

போன வாரம் ஆயுத பூஜை அன்று மகேஸ்வரி அக்கா வீட்டுக்குப் பொரிகடலை சாப்பிடப் போயிருந்தேன். சாப்பிட என்பது பாதி உண்மைதான். யார் யார் எதற்கெல்லாம் சந்தனம் பூசியிருக்கிறார்கள் என்று வேடிக்கை பார்ப்பதில் எனக்கு ஓர் ஆசை.

ஆடலூர்ப் பக்கம் வீடுகள் மலைச்சரிவில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். அக்கா வீடு என் வீட்டுக்கு அடுத்த மேட்டில். வாசலில் மண்வெட்டி, அரிவாள், மிளகு பறிக்கிற ஏணி, காபிப் பழம் உரிக்கும் மெஷின், ஸ்கூட்டர் எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்து நின்றன. மிக்ஸிக்குக் கூட ஒரு முழம் பூ.

ஆனால் வீட்டுக்குக் கீழே, தகரக் கொட்டகையில் நிற்கிற கேஸ் ஜெனரேட்டர்? சுத்தமாகத் துடைத்திருந்தது. பொட்டு இல்லை, பூ இல்லை. அந்த வீட்டில் ரொம்ப முக்கியமான சாமானே அதுதான். அதற்கா இந்த கதி? மறந்திருப்பார்களோ என்றால்... மகேஸ்வரி அக்கா மறக்கிற ஆளே இல்லை.

முதலில் அந்த ஜெனரேட்டர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் வீட்டுக்காரர் தங்கராசு அண்ணன். சின்ன வயசில் பெற்றோரோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். இங்கே காபித் தோட்டத்தில் உழைத்து, கொஞ்சம் நிலம் வாங்கி, வீடு கட்டினார். இன்னமும் டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். சில வருஷமாக அவருக்கு நுரையீரல் சரியில்லை. ராத்திரி பகல் மூக்கில் குழாய் இருக்க வேண்டும். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று கட்டில் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குக் கரண்ட் வேண்டும்.

எங்கள் மலையில் கரண்ட்டா? நல்ல மழை பெய்தால் ஏதாவது ஒரு மரம் கம்பியில் சாய்ந்துவிடும். அதே மரம் ரோட்டையும் மறித்துக்கொண்டு படுக்கும். லைன்மேன்கள் கொட்டுகிற மழையில் அறுத்துப் போடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அதுவரைக்கும் கரண்ட்டும் கிடையாது, ஆம்புலன்ஸும் மேலே ஏற முடியாது. இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம்தான் தாங்கும்?

திண்டுக்கல் டாக்டர் மலையை விட்டு இறங்கி வந்து டவுனில் குடியிருக்கச் சொன்னார். அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார். "ஒருக்கா இடம் பெயர்ந்து வந்தது போதும்."

அக்கா வாதாடவில்லை, அழவில்லை. "அப்பக் கரண்டு என் சோலி" என்றாராம். அந்த வருஷத்து மிளகு அப்படியே ஜெனரேட்டராக மாறியது.

டீசலில் ஓடுவதை வாங்கச் சொல்லி ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். (நான் உட்பட.) அந்தப் புகை அவருக்கு ஆகுமா என்று அக்கா ஒரே கேள்விதான் கேட்டார். பெட்ரோலோ, நாள்பட வைத்தால் கெட்டுவிடும். கேஸ் கெடாது. எனவே ஹோட்டல்களுக்குக் கொடுக்கிற பெரிய சிலிண்டர் இரண்டு, அய்யம்பாளையத்திலிருந்து வேனில் ஏறி வந்தன. ஒன்று ஓடும்போது இன்னொன்று முழுசாகக் காத்திருக்கும்.

எங்கே வைப்பது என்பதில்தான் பெரிய பஞ்சாயத்து. நெருப்பு சம்பந்தப்பட்டது அக்னி மூலையில்தான் இருக்கணும் என்று அண்ணன் பிடிவாதம். அந்த வீட்டின் அக்னி மூலை மேட்டுப் பக்கம். மாட்ட வந்த மெக்கானிக் தலையைச் சொறிந்தார். கேஸ் காற்றைவிட கனம், கசிந்தால் சரிவில் இறங்கி நேரே படுக்கையறைக்கு வரும் என்றார். அக்கா வாஸ்துவையும் திட்டவில்லை, புருஷனையும் திட்டவில்லை. அடுப்பங்கரையைக் காட்டி, அக்னி ஏற்கெனவே அவர் மூலையில் நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கீழே தள்ளிக் கொட்டகை போட வைத்தார். நாலு பக்கமும் காற்றோட்டம். புகைக்குழாய் காபிச் செடிகளைப் பார்த்தபடி.

அதன்பிறகு அவர் அதைப் பார்த்துக்கொள்கிற விதம் இருக்கிறதே... வெள்ளிக்கிழமை தவறாமல் வெள்ளனே எழுந்து, கரண்ட் இருந்தாலும் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்ப்பார். அதற்கு முன்னால் ஆயில் அளவு. கேஸ் டியூப் சேர்கிற இடத்தில் சோப்பு நுரையைத் தடவி, குமிழ் வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். எலி வயரைக் கடித்திருக்கிறதா, பேட்டரி தெம்பாக இருக்கிறதா... எல்லாம் முடிந்த பிறகுதான் வாசல் கோலம். அந்தச் சத்தம் கேட்டுத்தான் எங்கள் பக்கத்தில் பல பேர் எழுந்திருக்கிறோம்.

இப்படிப்பட்டவர் ஆயுத பூஜைக்கு அதை மட்டும் விட்டுவிட்டாரா? கேட்டேவிட்டேன்.

"பூசை போட்டா நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாதுல்ல தம்பி" என்றார். "அதுக்கு லீவு விட முடியாது."

பிறகு போன வருஷம் நடந்ததைச் சொன்னார்.

போன வருஷம் அண்ணன் ஆசைப்பட்டு, ஆள் வைத்து ஜெனரேட்டருக்குச் சந்தனம், குங்குமம், உடம்பு முழுக்கச் செண்டுமல்லி மாலை என்று அமர்க்களம் பண்ணியிருக்கிறார். சாயங்காலம் மழை. மரம் விழுந்தது. கரண்ட் போனது. அவசரத்துக்கு வைத்திருக்கும் சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் நிரப்பக் கீழே போயிருந்தது. பூஜை என்று கடை அடைப்பு. அக்கா கொட்டகைக்குக் கிளம்ப, அண்ணன் கையை நீட்டித் தடுத்திருக்கிறார். சாமிகிட்ட வைத்த ஆயுதத்தை எடுக்கக் கூடாது, இன்வெர்ட்டர் இருக்கிறது, கரண்ட் வந்துவிடும் என்று.

வரவில்லை. இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. அண்ணனுக்கு உதடு கறுத்து, பேச முடியவில்லை. அப்போதும் வேண்டாம் என்று கையை ஆட்டியிருக்கிறார்.

"சாமி கோவிச்சா நான் சமாதானம் பண்ணிக்கிறேன். நீங்க சும்மா கெடங்க." இது மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போயிருக்கிறார் அக்கா.

பட்டனை அமுக்கினால் ஓடியது. இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. மாலையில் இருந்த பூவையெல்லாம் காற்று இழுக்கிற ஓட்டை வழியாக உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது! அக்கா மாலையை அறுத்து எறிந்தார். மூடியைக் கழற்றினார். ஏர் ஃபில்டரை உதறி, அடைத்திருந்த செண்டுமல்லியை விரல் விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தார். மறுபடி பட்டன். இந்தத் தடவை நிற்கவில்லை. மேலே ஓடிப் போய்ப் பார்த்தால், மெஷின் ஓடுகிறது, அண்ணனுக்கு மார்பு ஏறி இறங்குகிறது. அக்கா அந்த ஈரப் புடவையோடு கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

எனக்கு அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

நாமெல்லாம் என்ன செய்கிறோம்? வருஷத்தில் ஒரு நாள் மெஷினுக்குச் சந்தனம் பூசுகிறோம். மிச்ச நாளெல்லாம் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். பழுதானால் கம்பெனியைத் திட்டுகிறோம். அக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சோப்பு நுரையோடு குனிந்து நிற்கிறாரே, அதைவிடப் பெரிய ஆயுத பூஜை எது?

இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். பட்டென்று கரண்ட் போனது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். கீழே சத்தம் கேட்டது, விளக்கு வந்தது. அக்கா திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பொரியை அளந்து போட்டார்.

கட்டிலில் இருந்த தங்கராசு அண்ணன் ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். பொரி நமுத்துப் போச்சாம். கடலை பத்தவில்லையாம். தேத்தண்ணியில் சீனி இல்லையாம். போன வருஷம் பூஜை இதைவிட நன்றாக இருந்ததாம். அது முடிந்து ரோடு, மழை, மிளகு விலை என்று போய்க்கொண்டே இருந்தார்.

எனக்கே பொறுக்கவில்லை. என்னக்கா, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டீர்களா என்று மெதுவாகக் கேட்டேன்.

"பேசட்டும் தம்பி" என்றார் அக்கா. "அவுக பேசுறதக் கேக்கத்தான இவ்வளவு பாடு."