மறுகால் நண்டு

இன்று காலை எங்கள் கண்மாய் நிரம்பி, மறுகால் கல்லைத் தாண்டித் தண்ணீர் விழுந்தது. அடேயப்பா, என்ன இரைச்சல்! சட்டென்று எனக்கு எட்டு வயசாகிவிட்டது.

அப்போதெல்லாம் மிஞ்சிய தண்ணீர் கீழூர் கண்மாய்க்குப் போய்விடாதபடி அப்பா மறுகாலைக் கரம்பை மண்ணால் அடைப்பார். அம்மா பிறந்தது கீழூரில். துணி துவைக்கப் போகிற சாக்கில் குதிகாலால் அந்த மண்ணை ஓங்கி எத்திவிட்டு வருவாள்.

"யாரு ஒடைச்சது?"

"நண்டு தோண்டிருக்கும்" என்பாள் அம்மா. அப்பா நண்டைத் திட்டிக்கொண்டே மண்வெட்டியைத் தூக்குவார்.

பிறகு கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் சீமைக்கருவேலம் மண்டி, பல வருஷம் மறுகாலே பாயவில்லை. இந்தக் கோடையில் இரண்டு ஊரும் சேர்ந்து இறங்கின. ராஜபாளையம் மில்காரர்களும் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்காரர்களும் ஜேசிபி அனுப்பினார்கள். முள்ளைத் தூரோடு பிடுங்கி, வாய்க்காலைத் தூர்வாரினோம்.

இன்று தண்ணீர் விழ ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மறுகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. கம்பூன்றி இறங்கிய அப்பா, குதிகாலால் ஓங்கி ஓர் எத்து விட்டார். தண்ணீர் மறுபடியும் பாய்ந்தது. உடனே கீழூர் மாமாவுக்குப் போன் போட்டார்.

"மச்சான், ஓடி வாங்க, தண்ணி வருது! எல்லாம் உங்க தங்கச்சி வளத்த நண்டுதான்!"

கரையில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.