கைக்குக் கட்டம் இல்லாத படிவம்

நான் பொய் எழுதினேன். பழவேற்காடு ஏரியில் ஒரு சேற்றுத் திட்டை 'யாரும் பயன்படுத்தாத இடம்' ஆக்கிய கை என்னுடையதுதான்.

பருவநிலை மாற்றத்தை ஆராய்ந்து, அலையாத்திச் செடி நட இடம் தேட வந்த குழுவில் நான் கணக்கெடுப்பவள். அனுப்பம்பட்டுக்காரி, ஏரிப் பேச்சு தெரிந்தவள் என்பதால் வேலை கிடைத்தது. 'மக்களின் அறிவையும் சேர்ப்போம்' என்றார்கள். அந்த வாசகத்தை நீங்களும் கேட்டுத் தலையாட்டியிருப்பீர்கள்.

பசியாவரம் பக்கம், முழங்கால் அளவு நீரில் கன்னியம்மாக்கா என்னை இறக்கினார். பறி என்கிற பனையோலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர். படகும் கிடையாது, வலையும் கிடையாது. பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்.

"முகத்துவாரம் அடச்சிக்கினா தண்ணி கொதிக்குது, எறா செத்துப்பூடுது. இந்தத் திட்டுல அடியில ஊத்து கீது. சேறு சில்லுனு இருக்கும், எறா இங்கதான் வந்து பதுங்கும். இங்க செடி வெக்கப் போறாங்களாமே? வாணாம்னு எழுதிக்கம்மா."

எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

படிவத்தில் என்ன இருந்தது தெரியுமா? எத்தனை படகு, எத்தனை வலை... அவ்வளவுதான். கைக்குக் கட்டமே இல்லை! இரண்டிலும் சுழியம் போட்டேன். அப்படிப் போட்டால் அங்கே தொழிலே நடக்கவில்லை என்று ஆகிவிடும். தெரியாமலா செய்தேன்? தெரிந்தேதான் செய்தேன்.

குறிப்பு எழுதக் கீழே இரண்டு வரி இடம் இருந்தது. எழுதினால் மேலதிகாரி ஆதாரம் கேட்பார், வேலை இழுக்கும், அடுத்த திட்டத்தில் என்னைக் கழற்றிவிடுவார்... அந்தப் பயம். ஆதாரம் என் காலில் சில்லென்று ஒட்டியிருந்ததே, அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லையா?

இப்போது அந்தத் திட்டில் அலையாத்திச் செடிகள். சுற்றிலும் வேலி. கன்னியம்மாக்கா முகத்துவாரத்தின் அருகே, கழுத்தளவு நீரில் மூச்சடக்கி மூழ்கித் தடவுகிறார். இந்தக் கோடையில் பல நாள் வெறும் பறியோடு கரையேறினார்.

எங்கள் குழு வெளியிட்ட அறிக்கையின் அட்டையில் அவர் படம்தான். வாயில் பறி. மேலே கொட்டை எழுத்தில் 'மக்களின் அறிவோடு'. அறிக்கையைக் கையில் வாங்கி, அழகான அட்டை என்று பாராட்டினீர்களே, உள்ளே ஒரு பக்கமாவது புரட்டினீர்களா? உங்கள் மேலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆனால் சுழியம் போட்டது நீங்கள் இல்லை.

போன வாரம் அந்த அறிக்கையை அவரிடம் கொண்டுபோனேன். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நான் சொன்னது எந்தப் பக்கத்துல கீது? படிச்சிக் காட்டும்மா."

புரட்டினேன். கடைசிப் பக்கம் வந்தது. மறுபடியும் முதலிலிருந்து புரட்டினேன்... அவர் பக்கத்தில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார்.